ஸ்டூலில் உட்கார்ந்தால் சிரிக்கக்கூடாது

அலபாமா மாநிலத்துக் கால்டர்வில்லில் ஆர்டீலியா புரூயிட் சிரித்தால் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர் தெரு வரைக்கும் கேட்கும். சிரிக்கிற பெண் ஒருத்தி ஊருக்கு வேண்டியதுதான், அதில் யாருக்கும் வருத்தமில்லை. அவள் சிரிக்கிற நேரம்தான் சரியில்லை. தலைமையாசிரியர் பிரம்பை எடுத்தால் சிரிப்பாள். விழ வேண்டிய அடி இரண்டு மடங்காகும். சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது சிரிப்பாள். செத்தவரின் வீட்டார் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

மவுண்ட் ஹீப்ரான் சபையில் அவளைத் திருத்திப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, வாசலில் விறைப்பாக நின்று, வருகிறவர்களை இருக்கைக்கு அழைத்துப் போகும் இளையோர் அணியில் சேர்த்தார்கள். அந்த அணிக்கு வாயே கிடையாது, எல்லாம் கைச் சைகை. உள்ளங்கையைத் திருப்பினால் ஜெபம் நடக்கிறது, யாரையும் உள்ளே விடாதே. இரண்டு விரலை மார்புக்கு நேராக ஆட்டினால், யாரோ ஒரு சகோதரி பரிசுத்த ஆவி நிறைந்து கூவி, மூச்சு வாங்கிச் சாய்கிறாள், சீக்கிரம் விசிறி அனுப்பு. சவ அடக்கக் கடைக்காரர் தன் விளம்பரத்தைப் போட்டு இனாமாகக் கொடுத்த அட்டை விசிறிகள் எல்லா வரிசையிலும் கிடக்கும். சைகை கிடைத்த நொடியில் ஒரு விசிறி கைமாறிக் கைமாறி அந்தச் சகோதரியின் முகத்துக்கு நேராகப் போய்ச் சேரும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆர்டீலியா அந்த அணியில் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. போதகர் நரகத்தின் வெப்பத்தைப் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்து கணீரென்று ஒரு சிரிப்பு. கையுறையை அன்றைக்கே கழற்றி வாங்கிவிட்டார்கள்.

பயம் என்றால் என்னவென்றே தெரியாத பெண் என்று ஊர் அவளைச் சொன்னது. விஷயம் நேர்மாறு. அவளுக்குச் சிரிப்பு வருவதே பயத்தில்தான். மற்றவர்களுக்குக் கை நடுங்கும், நாக்கு வறளும். அவளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பிவிடும். இதைச் சொன்னால் எவன் நம்புவான் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் சந்தேகம் கிடையாது. அச்சு அசல் அம்மாவின் சிரிப்பு. அம்மா ஹேட்டி வீட்டு முன்னறையில் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்கிற கடை வைத்திருந்தாள். அடுப்பில் இரும்புச் சீப்பைக் காயவைத்து, தைலம் தடவி, சுருட்டை முடியை நீவி நீவிப் பட்டுப்போல் நேராக்குவாள். அவ்வப்போது சுகாதார இன்ஸ்பெக்டர் என்று ஒரு வெள்ளைக்காரர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே வருவார். "என்ன ஹேட்டி, இது கடையா கோழிக் கூண்டா?" என்பார். தன் தாத்தாவின் வயதுள்ள கறுப்பரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஜாதி அவர். உடனே அம்மா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பாள். "ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்!" என்று இன்னும் ஒரு பாட்டம் சிரிப்பாள். அந்த நேரத்தில் ஆர்டீலியாவுக்கு உடம்பெல்லாம் எரியும். இப்படியா ஒருத்தி குழைவாள்? இந்த மனுஷனிடம் சிரிக்க என்ன இருக்கிறது? தன் தொண்டையிலும் அதே சிரிப்பு இருப்பதை நினைத்தால் அவளுக்கு அவமானமாக இருந்தது.

1960 வசந்தத்தில்தான் லூசியஸ் டாரன்ட் நாஷ்வில் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்தான். கண்ணாடி, இறுக்கிக் கட்டிய டை, சிரிப்பு என்றால் விலை கேட்கும் முகம். வட கரோலினாவில் கறுப்பு மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்று வைத்த சாப்பாட்டு இடத்தில் போய் உட்கார்ந்த செய்தி அப்போது எல்லா வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் ஓடிக்கொண்டிருந்தது. நம் ஊர் ஹார்க்னஸ் கடையிலும் அதே கதைதான். அங்கே கறுப்பர்கள் ஊசி வாங்கலாம், உள்ளாடை வாங்கலாம், தங்கமீன்கூட வாங்கலாம். உள்ளே நீளமாக ஒரு சாப்பாட்டு கவுன்ட்டர் இருந்தது. அதன் முன்னால் சிவப்பு மெத்தை வைத்த சுழலும் ஸ்டூல்கள். அதில் மட்டும் உட்காரக்கூடாது. பின்னாளில் அதே ஸ்டூலில் உட்கார்ந்து நாங்கள் குடித்த காபியைப் போலக் கேவலமான காபியை அலபாமா முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. ஆனால் அது கேவலமான காபி என்று உட்கார்ந்து சொல்கிற உரிமை வேண்டுமே.

அங்கே போய் உட்காருவதற்கு, சபைக் கட்டடத்தின் அடித்தள அறையில் லூசியஸ் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வைத்தான். பரிமாறுகிற நீள மேஜைதான் கவுன்ட்டர். சுழலும் ஸ்டூலுக்குப் பதிலாக, மேலே ஆராதனை மண்டபத்திலிருந்து பியானோ ஸ்டூலைத் தூக்கி வந்தார்கள். ஒருவர் அதில் உட்கார வேண்டும். இன்னொருவர் வெள்ளைக்கார ரவுடியாக நின்று திட்ட வேண்டும், தள்ள வேண்டும்.

"மூணே விஷயம்," என்றான் லூசியஸ். "திருப்பிப் பேசக்கூடாது. திருப்பி அடிக்கக்கூடாது. போலீஸ் வந்து தூக்குற வரைக்கும் எழுந்திரிக்கக்கூடாது. கிளியோஃபஸ், நீ ரவுடி. ஆர்டீலியா, போய் உக்காரு."

கிளியோஃபஸ் சபை மூப்பர் மேப்ரியின் மகன். இளையோர் அணியின் தலைவன், ஐந்து வருஷமாக வாசலில் நின்று நின்று நடையே சைகை போல ஆகிவிட்டவன். அவன் ஆர்டீலியாவின் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினான்.

"மன்னிச்சுக்கங்க சிஸ்டர். இந்த ஸ்டூல்... கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?"

"டேய், ரவுடியா பேசுன்னா விருந்துக்குக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுறியே!" என்று கத்தினான் லூசியஸ்.

"கெட்ட வார்த்தை எனக்கு வராதுப்பா. எங்கப்பா காதுல விழுந்தா தோல உரிச்சிடுவாரு."

"வரலன்னா போகுது. தள்ளு அவள."

கிளியோஃபஸ் ஒற்றை விரலால் அவள் தோளைத் தொட்டுத் தள்ளினான். உடனே குனிந்து, "வலிச்சுதா?" என்று கேட்டான். ஆர்டீலியா பியானோ ஸ்டூலிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தாள். கூட இருந்த எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதில் ஒன்றும் குற்றமில்லை, அது நிஜமாகவே சிரிப்புக்கான இடம்.

அடுத்து லூசியஸே ரவுடியானான். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வந்து, ஆர்டீலியாவின் பின்கழுத்தைப் பிடித்து முகத்தை மேஜையோடு அழுத்தினான். "எந்திரி," என்றான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் குரல் அப்படியே இருந்தது. மேஜையில் கன்னம் அழுந்தியபடி, ஆர்டீலியா கடகடவென்று சிரித்தாள்.

லூசியஸ் கையை எடுத்துவிட்டான்.

"நீ வேணாம்," என்றான். "அங்க எவனாவது கைய ஓங்குறப்போ நீ இப்படிச் சிரிச்சா, அவனக் கேலி பண்றேன்னுதான் நினைப்பான். உன் மண்டையோட நிக்காது, பக்கத்துல இருக்கறவன் மண்டையும் உடையும்."

"நான் கேலி பண்ணல."

"பின்ன ஏன் சிரிச்ச?"

பதில் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சிநேகிதி வெர்னெட்டா பார்த்துக்கொண்டிருந்தாள், கிளியோஃபஸ் பார்த்துக்கொண்டிருந்தான், பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. பயமறியாத ஆர்டீலியா என்று பேர் வாங்கியாயிற்று. அவள் தோளைக் குலுக்கிவிட்டு இறங்கிவிட்டாள். ஆனால் இந்த உலகத்தில் அவளுக்கு ஒரே ஒரு ஆசை என்றால் அது அந்தச் சிவப்பு ஸ்டூல்தான்.

"அவ திட்டட்டும் லூசியஸ்," என்றாள் வெர்னெட்டா. வாசல் அணியில் கிளியோஃபஸுக்கு அடுத்த கை அவள். "கிளியோஃபஸுக்குப் பதிலா இவ திட்டட்டும். வாய் இருக்கு, சும்மாதான கெடக்கு."

அப்படித்தான் ஆர்டீலியா ரவுடியானாள். அப்பா ரயிலில் போர்ட்டர். அவர் வீட்டில் விட்டுப்போன பழைய தொப்பியை எடுத்து வந்தாள். வயிற்றில் தலையணையைச் செருகிக்கொண்டாள். அப்புறம் அவள் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை இன்றைக்கும் ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"ஏய் மூப்பர் மகனே! காபி கேக்குதோ காபி? உங்கப்பன் ஜெபம் பண்ணி முடிக்கறதுக்குள்ள காபி ஆறி, கப்பு துருப்புடிச்சு, கடையே இடிஞ்சு விழுந்துடும்டா! இந்தக் காத வச்சுக்கிட்டு வாசல்ல எப்பிடி நுழைஞ்ச? பக்கவாட்டுலயா?"

வெர்னெட்டாவின் முடியை இழுத்தாள், தலையில் கோதுமை மாவைக் கொட்டினாள், நாலு வார்த்தையில் கண்ணீர் விட வைத்தாள். முடிந்ததும் அவளே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். லூசியஸ் உட்கார்ந்தபோது அவன் மூக்குக்கு நேராகத் தொப்பியை வைத்து, "அத்தன காசு செலவு பண்ணி காலேஜுக்குப் போனியே, சிரிக்கச் சொல்லித்தர்ற வாத்தியார் அன்னிக்கு லீவா?" என்றாள். லூசியஸின் உதடு ஓரத்தில் என்னவோ அசைந்தது. அப்படியே அடக்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹேட்டியின் கடை நிரம்பி வழிந்தது. மறுநாள் ஹார்க்னஸ் கடைக்குப் போகிற பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் அம்மா இனாமாகத் தலை நீவிவிட்டாள். தைலம் தீய்கிற வாசனை தெருவெல்லாம் அடித்தது.

"ஜெயிலுக்குப் போனாலும் பாக்கறவன் நம்ம புள்ளைங்க தலையப் பாத்து ஒரு வார்த்த சொல்லக்கூடாது. காத மடக்கிப் புடிடி, சுட்டுடும்," என்றாள் அம்மா.

கடைசியில் ஆர்டீலியாவும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீதான் போகலியே. உனக்கு எதுக்கு?"

"கடை வாசல் வரைக்கும் கூடப் போறேன்லம்மா."

அம்மா சீப்பை ஊதினாள். "வாசலோட நில்லு. உன் வாயே உன்னக் காப்பாத்திச்சு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." மற்றவர்களைவிட மகளுக்கு அதிக நேரம் எடுத்து, ஒரு முடிகூடத் துள்ளாமல், சீப்பு ஆறுகிற போதெல்லாம் மறுபடி காயவைத்து நீவிவிட்டாள். இது போல் ஒரு தலையை நான் செய்ததே இல்லை என்று அவளே கண்ணாடியில் பார்த்து மெச்சிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் சபை வாசலில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் நின்றார்கள். ஒருத்தியைக் காணவில்லை. அவளுடைய அம்மா சமையல் வேலை செய்கிற வீட்டு எஜமானியின் காதுக்கு விஷயம் போய்விட்டதாம், வேலை போய்விடுமென்று அந்த அம்மா பெண்ணை அறையில் வைத்துப் பூட்டிவிட்டாளாம்.

"ஒரு ஸ்டூல் காலியா விட்டா எவனாவது நடுவுல வந்து உக்காந்து வரிசைய உடைப்பான்," என்றான் லூசியஸ். சுற்றிப் பார்த்தான். எல்லோரும் ஆர்டீலியாவைப் பார்த்தார்கள்.

"சிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"சத்தியமெல்லாம் பண்ண முடியாது," என்றாள் அவள். பொய் சத்தியம் பண்ணிவிட்டு அங்கே போய் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. "ஆனா ஒண்ணு. சிரிப்பு வந்துதுன்னா, நீ சொல்லவே வேணாம், நானே எழுந்து வெளிய போயிடறேன். அப்புறம் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

"எல்லாருக்கும் அதே விதி," என்றான் லூசியஸ். "சிரிக்கிற ஆள் எழுந்து வீட்டுக்குப் போகணும். வா."

ஹார்க்னஸ் கடையில் அவர்கள் வரிசையாகப் போய் உட்கார்ந்தபோது சிவப்பு மெத்தைகள் ஒவ்வொன்றாகப் புஸ்ஸென்று மூச்சு விட்டன. ஆர்டீலியாவுக்கு வலப் பக்கம் கிளியோஃபஸ், அவனுக்கு அப்பால் லூசியஸ், வரிசையின் கோடியில் வெர்னெட்டா. பரிமாறுகிற பெண் காபி ஜாடியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"உங்களுக்கு இங்க கிடையாதுன்னு தெரியும்ல?"

"காத்திருக்கோம், மேடம்," என்றான் லூசியஸ்.

அவள் 'மூடப்பட்டது' என்ற அட்டையை நிறுத்தி வைத்துவிட்டு, ஏற்கெனவே துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கூடிக்கொண்டே போனது. ஆர்டீலியா திரும்பவில்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. வெள்ளைக்காரப் பையன்கள், அவர்களுக்குப் பின்னால் பெரியவர்கள், முன்னால் சிவப்புத் தலைமுடியோடு ஒருவன். அவளைவிட ஒரு வயது கூடவோ குறைவோ இருக்கும்.

"எந்திரிங்கடா! கறுப்புக் கழுதைங்களா! எந்திரிங்க!"

அவன் சர்க்கரை டப்பாவை எடுத்துக் கிளியோஃபஸின் தலையில் கொட்டினான். கிளியோஃபஸ் கண்ணை மூடிக்கொண்டான். ஆர்டீலியாவின் அடிவயிற்றில் சிரிப்பு கிளம்பிவிட்டது. விலா வரைக்கும் வந்தது, தொண்டைக்கு வந்தது, பல்லுக்குப் பின்னால் வந்து முட்டியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒரு காலைத் தரையில் ஊன்றியும்விட்டாள்.

அப்போது கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒவ்வொரு கத்தலுக்கும் பிறகு திரும்பி, பின்னால் நிற்கிற பெரியவர்கள் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டான். குரல் உச்சிக்குப் போய் உடைந்தது. ஐயோ, இவனுக்கும் பயம்! பயத்துக்கு எத்தனை வேஷம் உண்டு என்று ஆர்டீலியாவுக்கா தெரியாது? இவனுக்கு அது கத்தலாக வருகிறது, அவ்வளவுதான். திட்டும் ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு வாரம் அடித்தள அறைக்கு அனுப்பி வைத்திருந்தால் ஒழுங்காகத் திட்டக் கற்றுக்கொடுத்திருப்பாள். ஊன்றிய காலை மெல்ல எடுத்து ஸ்டூலின் வளையத்தில் வைத்துக்கொண்டாள். சிரிப்பு எங்கே போனதென்று தேடினாள். இல்லை. சுத்தமாக இல்லை.

சிவப்பு முடிக்காரன் விடாமல் கத்தினான். கத்திக் கத்தி முகம் பீட்ரூட் ஆகி, கண் செருகி, மூச்சு இழுத்து, கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தான்.

கண் திறந்த கிளியோஃபஸ் அந்தச் சாய்வைக் கண்ணாடியில் பார்த்துவிட்டான். ஐந்து வருஷப் பழக்கம் எங்கே போகும்? யோசிக்க நேரமே இல்லாமல் அவன் இடது கை முதுகுக்குப் பின்னால் போனது. வலது கை இரண்டு விரலை நீட்டி மார்புக்கு நேராக ஆட்டியது. கோடியிலிருந்த வெர்னெட்டா அதைப் பார்த்தாள். அவளும் யோசிக்கவில்லை. அவள் கை தானாக நீண்டு கவுன்ட்டரிலிருந்த சாப்பாட்டு விலை அட்டையை எடுத்துப் பக்கத்து ஆளிடம் கொடுத்தது. அவன் அடுத்தவனிடம் கொடுத்தான். அட்டை கைமாறிக் கைமாறி, லூசியஸைத் தாண்டி, கிளியோஃபஸிடம் வந்து சேர்ந்தது. கிளியோஃபஸ் தலையில் சர்க்கரையோடு, முகத்தில் முழுப் பக்தியோடு, சிவப்பு முடிக்காரனுக்கு விசிற ஆரம்பித்தான்.

கடை அப்படியே நின்றது.

"எ... என்னடா பண்ற?" என்றான் சிவப்பு முடிக்காரன்.

கிளியோஃபஸுக்கு அப்போதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. கை மட்டும் நிற்கவில்லை. "காத்து, சார்," என்றான். "மூச்சு வாங்குதே உங்களுக்கு."

முதலில் வெர்னெட்டாவின் தோள் குலுங்கியது. அப்புறம் அவளுக்குப் பக்கத்தில். அப்புறம் வரிசை முழுக்க. "க்ர்ர்" என்று ஒரு சத்தம் கேட்டது. மூக்கு வழியாக எதையோ அடக்கிப் பார்த்துத் தோற்ற சத்தம். லூசியஸ் டாரன்ட், டை கட்டிய லூசியஸ், கவுன்ட்டரில் நெற்றியை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தான். பரிமாறுகிற பெண்கூடத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். எதிரே கண்ணாடியில் ஒரே ஒரு முகம் மட்டும் வாசலில் நிற்கிற கையுறைக்காரி போல் விறைப்பாக நேரே பார்த்துக்கொண்டிருந்தது. அது ஆர்டீலியாவின் முகம்.

சிவப்பு முடிக்காரனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. தக்காளி சாஸ் பாட்டிலை எடுத்து, அவள் உச்சந்தலையில் கவிழ்த்து, அடியில் தட்டித் தட்டிக் கொட்டினான். சில்லென்று நெற்றியில் வழிந்து, காதோரம் இறங்கி, வெள்ளைக் காலருக்குள் போனது. அவள் கண் கொட்டவில்லை. அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: அம்மா நீவிய தலை!

அதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

சிறையில் பெண்களுக்கு ஓர் அறை, சுவருக்கு அந்தப் பக்கம் பையன்களுக்கு ஓர் அறை. பாட்டுப் பாடினார்கள், ஓய்ந்தார்கள், மறுபடி பாடினார்கள். நடுவில் சுவரைத் தட்டி ஒரு குரல் வந்தது.

"ஆர்டீலியா?"

"என்ன லூசியஸ்?"

"நான் சிரிச்சிட்டேன்."

"பாத்தேன். விதிப்படி நீ எழுந்து வீட்டுக்குப் போயிருக்கணும்."

"போகலாம்னுதான் பாக்கறேன்," என்றான் லூசியஸ். "கதவப் பூட்டிட்டாங்க."

இரண்டு அறையும் வெடித்துச் சிரித்தது. கிளியோஃபஸ் மட்டும் பரிதாபமாக, "அந்தப் பையனுக்கு நெஜமாவே மூச்சு வாங்கிச்சுப்பா," என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் பெற்றோரை ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். ஆர்டீலியாவுக்கு அது வரைக்கும் தைரியத்துக்குக் குறைவில்லை. அப்புறம் தாழ்வாரத்தில் ஒரு சிரிப்பு கேட்டது.

"ஹேட்டி, உன் பொண்ணும் இந்தக் கூட்டத்துலயா? உனக்கு மூளை கீளை இருக்கா?" என்றது சிறைக் காவலரின் குரல். அதற்கு மேல் அம்மாவின் சிரிப்பு. "என்னத்தச் சொல்ல ஐயா! இந்தக் காலத்துப் புள்ளைங்க!" மறுபடி சிரிப்பு. இன்ஸ்பெக்டரிடம் சிரிக்கிற அதே சிரிப்பு.

ஆர்டீலியா எரிச்சல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிரிப்பைக் காது கொடுத்துக் கேட்டாள். எங்கே கிளம்புகிறது, எங்கே முட்டுகிறது, எந்த இடத்தில் மூச்சு தடுக்குகிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அடிவயிற்றிலிருந்து கிளம்பி வருகிற அந்தச் சிரிப்பு. அம்மாவுக்குப் பயம்! அந்த இன்ஸ்பெக்டருக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும், இத்தனை வருஷமும், கடை போய்விடுமோ, சோறு போய்விடுமோ, மகளுக்கு என்ன ஆகுமோ என்று பயந்து நடுங்கித்தான் சிரித்திருக்கிறாள். இதைக் குழைவு என்று நினைத்தோமே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கண்ணில் நீர் முட்டியது.

அம்மா கம்பிக்கு முன்னால் வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி, கையில் பை, பைக்குள் பொரித்த கோழியின் வாசனை. மகளைப் பார்த்தாள். சாஸ் காய்ந்து விறைத்து நின்ற தலையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

காவலர் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். "இனிமே அந்தக் கடைப் பக்கம் போகமாட்டாள்னு நீ ஒரு கையெழுத்துப் போடு, கூட்டிட்டுப் போயிடலாம். நல்ல மனுஷின்னு உனக்காகத்தான் சொல்றேன் ஹேட்டி."

சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தார். இந்த ஊரில் வெள்ளைக்காரர் எவர் என்ன சொன்னாலும் ஹேட்டி சிரிப்பாள்.

அம்மா மகளைப் பார்த்துக் கேட்டாள். "அங்க சிரிச்சியாடி?"

"இல்லம்மா."

"ஒரு தடவகூட?"

"வாய் வரைக்கும் வந்துது. திரும்பிப் போயிடுச்சு."

அம்மா தலையை ஆட்டினாள். அப்புறம் காவலரின் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் சிரிப்பின் சுவடுகூட இல்லை. அந்த முகத்தை ஆர்டீலியா அதற்கு முன் பார்த்ததில்லை. காவலரும் பார்த்ததில்லை.

"இவ மத்த புள்ளைங்களோடதான் வெளிய வருவா," என்றாள் அம்மா. "கையெழுத்துக் கிடையாது. சாப்பாட்டயும் இந்தச் சீப்பயும் மட்டும் உள்ள விடுங்க."

காவலர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஹெ, ஹெ," என்றார். கூடச் சிரிக்க ஆள் இல்லாமல் அந்தச் சிரிப்பு தாழ்வாரத்தில் தனியாகப் போனது. பையைத் திறந்து பார்ப்பது போல் பார்த்துவிட்டு விலகிப் போய்விட்டார்.

"திரும்பி உக்காருடி," என்றாள் அம்மா.

ஆர்டீலியா கம்பிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். அம்மாவின் கைகள் கம்பிக்கு நடுவே நுழைந்து வந்தன. காய்ந்த சாஸில் சீப்பு சிக்கியது.

"எவன்டி இத செஞ்சது? எவ்வளவு நேரம் எடுத்து நீவுன தலை! எவ்வளவு தைலம்! சாஸ் ஊத்துற தட்டாடி இது? அவன மட்டும் என் கடை நாற்காலியில உக்கார வச்சு, காஞ்ச சீப்ப எடுத்து..."

ஆர்டீலியா சிரித்துவிட்டாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கேட்கிற சிரிப்பு. மற்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சீப்பு நின்றது. அம்மா குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், காதருகே கேட்டாள். "பயமாடி கண்ணு?"

அப்படியானால் அம்மாவுக்கும் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். ஆர்டீலியா கையைத் தூக்கித் தன் தலையிலிருந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா. சும்மா சிரிப்பு வருது."

அம்மாவும் சிரித்தாள். சின்னதாக, மூக்கு வழியாக, மகள் அது வரைக்கும் கேட்டிராத ஒரு சிரிப்பு. "சும்மா வருதாம்ல," என்று சொல்லிக்கொண்டே மறுபடி வார ஆரம்பித்தாள். "ஆடாம உக்காரு. நாளைக்கே வெளிய விட்டா மறுபடி அந்த ஸ்டூல்ல போயி உக்காரணும். இந்தத் தலையோடயா போவ?"